கவனிக்கப்படாத கடைசி ஆல்பம்: மறுவெளியீட்டில் எந்த வழி சரி?

இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிய ஒரு ராக் குழுவின் சிறந்த ஆல்பம் எது என்று ரசிகர்களிடம் கேட்டால் சண்டை வரும். கடைசி ஆல்பம் எது என்று கேட்டால் பலருக்குப் பெயரே நினைவுக்கு வராது. அந்த ஆல்பத்தை இப்போது மறுவெளியீடு செய்ய வேண்டும், கூடவே அதே காலத்தில் பதிவாகி வெளிவராத ஒலிநாடாக்களும் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முடிவெடுக்க வேண்டியவர்கள் இசை நிறுவனத்தினராகவோ, மிஞ்சியிருக்கும் உறுப்பினர்களாகவோ, வாரிசுகளாகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் பேச்சு 'எத்தனை டிஸ்க் போடலாம்?' என்றுதான் தொடங்குகிறது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது: இந்த ஆல்பம் அன்று ஏன் எடுபடவில்லை?

அதற்கான விடையைப் பொறுத்துத்தான் வழி மாறும். சில குழுக்களில், முகமாக இருந்தவர் போய்விட்டிருப்பார். 1971 ஜூலையில் பாடகர் ஜிம் மாரிசன் இறந்தபின் டோர்ஸ் குழுவின் மற்ற மூவரும் அதே ஆண்டில் ஒன்றும் அடுத்த ஆண்டில் ஒன்றுமாக இரண்டு ஆல்பங்கள் கொண்டுவந்தார்கள். அவை இருப்பதே தெரியாமல் அக்குழுவை நேசிப்பவர்கள் ஏராளம். பாடகர் ஃபில் காலின்ஸ் விலகியபின் ஜெனிசிஸ் குழு ரே வில்சனைப் பாடவைத்து 1997ல் 'காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்' வெளியிட்டது. பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை ஏறிய அந்த ஆல்பம் அமெரிக்காவில் படுத்துவிட்டது. அங்கே திட்டமிட்டிருந்த இசைப்பயணமும் ரத்தானது. வேறு சில ஆல்பங்களில் பாடல்கள் நன்றாக இருந்து, ஒலிக்கலவை அவற்றைக் கெடுத்திருக்கும். இன்னும் சிலவற்றில் குழுவே உடைந்துபோயிருக்கும்: ஆல்பம் கடைக்கு வரும்போது அதைப் பற்றிப் பேச ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். பாடல்களே சுமார் என்பதும் ஒரு காரணம்தான். அந்தக் கடைசி வகையை எந்த மறுவெளியீடும் காப்பாற்றாது. அதை மட்டும் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பலருடைய பணம் மிச்சமாகும்.

ஒதுக்கிவிடுவது

இதுவும் ஒரு தேர்வுதான், பலர் செய்திருக்கிறார்கள். கிளாஷ் குழுவின் 2013ஆம் ஆண்டுப் பெரும் தொகுப்பில் முதல் ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள் இருந்தன, 1985ல் வந்த கடைசி ஆல்பமான 'கட் த கிராப்' இல்லை. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1995ஆம் ஆண்டு ஐந்து டிஸ்க் தொகுப்பும், நிறுவனர்கள் எல்லோரும் விலகிய பிறகு டக் யூல் ஏறக்குறைய தனியாளாக உருவாக்கிய 'ஸ்க்வீஸ்' ஆல்பத்தைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குழுவின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். நடப்பது வேறு. அதிகாரப்பூர்வமான பிரதி கிடைக்காத இடத்தை பூட்லெக் எனப்படும் திருட்டுப் பதிப்பு வியாபாரிகள் நிரப்புவார்கள். இரைச்சலும் வேகப்பிசகும் நிறைந்த நகல்தான் அந்த ஆல்பத்தின் ஒரே முகமாகிவிடும்.

ரீமாஸ்டரும் சில போனஸ் பாடல்களும்

மிகச் சிக்கனமான வழி இது. ஏற்கெனவே கலந்து முடித்த ஸ்டீரியோ மாஸ்டர் நாடாவை நல்ல கருவியில் மறுபடி ஓட்டி, டிஜிட்டலுக்கு மாற்றி, அதிர்வெண்களைச் சமன்செய்து, பின்னால் இரண்டு மூன்று கூடுதல் பாடல்களைச் சேர்ப்பது. டோர்ஸ் குழுவின் அந்த இரண்டு ஆல்பங்களையும் ரைனோ நிறுவனம் 2015ல் ஒரே உறையில் இப்படித்தான் வெளியிட்டது. முன்பு சிங்கிள் எனும் சிறு தட்டின் மறுபக்கத்தில் மட்டும் வந்திருந்த ஒரு பாடலைக் கூடச் சேர்த்தது. ஆரவாரம் எதுவும் இல்லை. ஆல்பம் கிடைக்கவில்லை என்பதுதான் குறை என்றால் அதற்கு இது போதும்.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, சத்தம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து பத்து, பதினைந்து ஆண்டுகள் ரீமாஸ்டர் என்றால் எல்லாவற்றையும் உச்சத்துக்கு உயர்த்தி, டிரம் அடியின் முனையை வெட்டுவது என்றே ஆகிவிட்டிருந்தது. இன்று அதற்கு வியாபாரக் காரணம்கூட இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்குக் கொண்டுவந்து ஒலிக்கச் செய்கின்றன. நசுக்கிய மாஸ்டர் அங்கே தட்டையாகத்தான் கேட்கும்.

இரண்டாவது கண்ணியை நான் இன்னும் கடுமையாகப் பார்க்கிறேன்: போனஸ் பாடல்களை ஆல்பத்தின் வாலில் ஒட்டுவது. எந்த ஆல்பத்துக்கும் அது தொந்தரவுதான் என்றாலும், ஒரு குழுவின் கடைசி ஆல்பத்துக்கு அது அநியாயம். அதன் இறுதிப் பாடல் அந்தக் குழு உலகத்துக்குச் சொன்ன கடைசி வார்த்தை. அது அடங்கிய மூன்றாவது விநாடியில், பாதி வரிகளுக்குப் பதில் முனகலோடு ஒரு டெமோ, அதாவது முன்னோட்டப் பதிவு, தொடங்கினால், இத்தனை காலம் கழித்து அந்த ஆல்பத்தை மீட்டெடுப்பதற்கு அர்த்தமே இல்லை.

ரீமிக்ஸ்

செலவும் சர்ச்சையும் கூடும் இடம் இது. ஆனால் ஒலிதான் குற்றவாளி என்றால் இதைத் தவிர வேறு மருந்து இல்லை. ரீமாஸ்டர் செய்பவருக்குக் கிடைப்பது முடிந்துபோன ஒரு கலவை. அதில் புதைந்துபோன கிதாரை அவரால் தோண்டி எடுக்க முடியாது. ரீமிக்ஸ் செய்பவர் மல்டிடிராக் நாடாவுக்கே போகிறார். அங்கே குரல், கிதார், பேஸ், ஒவ்வொரு டிரம்மும் தனித்தனியாக இருக்கும்.

எனக்குத் தெரிந்து இதற்குப் பொருத்தமான முன்னுதாரணம் பிளாக் சாபத். டோனி மார்ட்டின் பாடிய காலத்தின் கடைசி ஆல்பமான 'ஃபர்பிடன்' 1995ல் வந்தது. தயாரித்தவர் பாடி கவுண்ட் குழுவின் எர்னி சி. முதல் பாடலில் ராப் பாடகர் ஐஸ்-டி குரல் கொடுத்திருந்தார். அக்குழுவின் மிக மோசமான ஆல்பம் என்ற பெயரோடு அது பல ஆண்டுகள் கடைகளில் கிடைக்காமலே கிடந்தது. 2024ல் அந்தக் காலத்து நான்கு ஆல்பங்களை 'அன்னோ டாமினி' என்ற தொகுப்பாக வெளியிட்டபோது, மற்ற மூன்றையும் ரீமாஸ்டரோடு விட்டுவிட்டு, 'ஃபர்பிடனை' மட்டும் குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி ரீமிக்ஸ் செய்தார். இந்தப் பாகுபாடுதான் எனக்குப் பிடித்தது: எங்கே நோயோ அங்கே மட்டும் கத்தி. டிரம்ஸுக்கு உடல் வந்தது, கிதார் முன்னால் வந்தது. காவியமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரை கேட்கக்கூடிய ஆல்பமாகிவிட்டது.

ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் 1989ஆம் ஆண்டு ஆல்பத்துக்கும் இப்படி ஒரு மறுவாழ்வு கிடைத்தது. அதைத் தயாரித்த மேட் வாலஸ் கையிலிருந்து இறுதிக்கலவைப் பொறுப்பு அன்று வேறொருவருக்குப் போய், வானொலிக்கு ஏற்ற பளபளப்போடு வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து 2019ல் வாலஸ் செய்த கலவையே 'டெட் மேன்ஸ் பாப்' தொகுப்பின் மையமானது. அன்றைய தயாரிப்பாளரோ குழுவினரோ உட்கார்ந்து செய்யும் ரீமிக்ஸுக்கு ஒரு தார்மீக பலம் உண்டு. அவர்கள் யாரும் இல்லாமல், இன்றைய ரசனைக்கு ஏற்றபடி ஓர் ஒலிப்பொறியாளர் செய்வது அவருடைய விளக்கவுரையாகத்தான் இருக்கும்.

எல்லை எங்கே என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பாடகர் ஓசி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 2002ல் மறுபடி வந்தபோது, அசல் பேஸையும் டிரம்ஸையும் அழித்துவிட்டு வேறு கலைஞர்களை வாசிக்கவைத்துச் சேர்த்திருந்தார்கள். அசலாக வாசித்த இருவருக்கும் ஓசி தரப்புக்கும் அப்போது ராயல்டி வழக்கு இருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், 2011 பதிப்பில் அசல் ஒலிப்பதிவுகளே திரும்பிவந்தன. இடையில் பழைய பதிப்பைக் கடையில் வாங்க வழியில்லாமல் போனதுதான் உண்மையான தவறு. ரீமிக்ஸ் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அசல் கலவையும் அதே உறையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி நடைமுறைச் சிக்கல்கள். இரண்டு அங்குல அகலமுள்ள 24 டிராக் நாடா, 2,500 அடிச் சுருள், விநாடிக்கு 30 அங்குல வேகம் என்றால் ஒரு சுருளில் சுமார் 16 நிமிடங்கள்தான் பதிவாகும். பத்துப் பாடல்கள், ஒவ்வொன்றும் நான்கு நிமிடம், ஐந்தைந்து முறை வாசித்தார்கள் என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று சுருள்கள் ஆகிவிடும். 1970களின் நடுவிலிருந்து வந்த பல நாடாக்களில் காந்தத்தூளைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான வெப்பத்தில் பல மணி நேரம் பக்குவமாகச் சூடேற்றிய பிறகே ஓட்ட முடியும். அதன்பின் சில வாரங்களுக்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். 1990களின் ஆல்பங்கள் இன்னும் பாதுகாப்பாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். ஏடாட், டாட் எனும் டிஜிட்டல் ஒலிநாடாக் கேசட்டுகள், ஹார்ட் டிஸ்க் என்று அன்று நம்பிச் சேமித்தவற்றில் பல இன்று படிக்க முடியாமல் கிடக்கின்றன. அரை நூற்றாண்டு பழைய அனலாக் நாடா பாடிவிடும். இருபத்தைந்து ஆண்டு பழைய ஹார்ட் டிஸ்க் சுழலவே மறுக்கும்.

மல்டிடிராக் தொலைந்துவிட்டாலும் கதை முடிந்துவிடவில்லை. ஒன்றாகக் கலந்த ஒலியிலிருந்து குரலையும் கருவிகளையும் பிரித்தெடுக்கும் இயந்திரக் கற்றல் மென்பொருள் இப்போது இருக்கிறது. பீட்டில்ஸின் 2022ஆம் ஆண்டு 'ரிவால்வர்' ரீமிக்ஸும், ஜான் லென்னனின் பழைய கேசட் டெமோவிலிருந்து உருவாகி 2023ல் வந்த பாடலும் அதனால் சாத்தியமானவை. ஆனால் அவற்றின் பின்னால் இருந்த பணமும் நிபுணர்களும் எல்லாக் குழுக்களுக்கும் வாய்க்காது. மலிவான மென்பொருளில் பிரித்தால் டிரம்ஸோடு வரும் சிம்பல் எனும் உலோகத் தட்டின் ஓசையில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற ஒலி வரும். அப்படியானால் ரீமிக்ஸ் யோசனையைக் கைவிட்டுவிடுவதே மேல்.

எல்லாவற்றையும் கொட்டும் பாக்ஸ் செட்

ஒரு ஆல்பத்துக்கு ஐந்து, ஆறு டிஸ்க், தடித்த புத்தகம், பழைய சுவரொட்டியின் நகல். சேகரிப்பாளர்கள் வாங்குவார்கள், நிறுவனத்துக்கும் லாபம். கவனிக்கப்படாத ஆல்பத்துக்கு இது உதவுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். இதுவரை அந்த ஆல்பத்தை ஒருமுறைகூடக் கேட்காதவரிடம் அதே பாடலின் ஏழாவது டேக்கை, அதாவது ஏழாம் முறை வாசித்த பதிவை, நீட்டினால் அவர் என்ன செய்வார்? வாங்குபவர், ஏற்கெனவே நேசிப்பவர் மட்டுமே.

விதிவிலக்கு உண்டு. பிக் ஸ்டார் குழுவின் மூன்றாவது ஆல்பம் 1974ல் மெம்ஃபிஸ் நகரில் பதிவாகி, குழு கலைந்தபின் 1978ல்தான் வெளிவந்தது. பாடல்களின் வரிசை என்ன, தலைப்பு என்ன என்பதுகூட முடிவாகாமல், ஒவ்வொரு பதிப்பிலும் மாறிக்கொண்டே இருந்தது. 2016ல் ஆம்னிவோர் நிறுவனம் டெமோ, இடைக்கலவை, இறுதி மாஸ்டர் என மூன்று டிஸ்குகளில் 69 பதிவுகளை வெளியிட்டது. இறுதி வடிவம் என்று ஒன்று இல்லாத ஆல்பத்துக்கு உருவான விதத்தையே காட்டுவதுதான் நேர்மையான பதிப்பு. உங்கள் கையில் இருப்பது அப்படிப்பட்ட ஆல்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

பீட்டில்ஸின் 'லெட் இட் பீ' இந்த விவாதம் முழுவதையும் தன் வரலாற்றிலேயே வைத்திருக்கிறது. பெரும்பகுதி 1969 ஜனவரியில் பதிவானது. ஒலிப்பொறியாளர் கிளின் ஜான்ஸ் அமைத்த வடிவம் ஏற்கப்படாமல், தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் வாத்தியக் குழுவும் கோரஸும் சேர்ந்து, குழு பிரிந்த செய்தி வந்த பிறகு 1970 மே மாதம் வெளிவந்தது. 2003ல் அந்தச் சேர்க்கைகளை நீக்கி, இரண்டு சிறு துண்டுகளை எடுத்துவிட்டு, ஒரு பாடலைச் சேர்த்து 'நேக்கட்' பதிப்பு வந்தது. 2021ல் ஸ்பெக்டரின் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு புதிய ஸ்டீரியோ கலவையும், ஜான்ஸின் அந்தப் பழைய வடிவமும், ஒத்திகைப் பதிவுகளும் சேர்ந்த பெரும் தொகுப்பு வந்தது. அந்த ஆல்பத்தைக் கவனிக்கப்படாதது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் இதில் பாடம் இருக்கிறது. 'இதுதான் உண்மையான வடிவம்' என்று அசலுக்குப் போட்டியாக நிறுத்திய 2003 பதிப்பைவிட, நிராகரிக்கப்பட்ட வடிவத்தை ஆவணமாக அசலின் பக்கத்தில் வைத்த 2021 தொகுப்பு கேட்பவரை மதிக்கிறது.

வெளிவராதவற்றைத் தனி ஆல்பமாக்குவது

வெளிவராத நாடாக்களில் முழுமையான பாடல்கள் இருந்தால் இந்த ஆசை வரும். லெட் செப்பலின் 1978 இறுதியில் ஸ்டாக்ஹோம் நகரில் பதிவுசெய்த மூன்று பாடல்கள், அடுத்த ஆண்டு வந்த 'இன் த்ரூ தி அவுட் டோர்' ஆல்பத்தில் இடம்பெறவில்லை. டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹாமின் மரணத்துக்குப் பிறகு 1982ல் வந்த 'கோடா' தொகுப்பு அவற்றை எடுத்துக்கொண்டது. விளைவு 2015ல் தெரிந்தது. குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் துணை டிஸ்க் போட்டபோது, 'இன் த்ரூ தி அவுட் டோர்' ஆல்பத்துக்கு மிஞ்சியவை அதே ஏழு பாடல்களின் கரட்டுக் கலவைகள்தான். 'கோடா' மட்டும் இரண்டு துணை டிஸ்குகளோடு வந்தது. 1972ல் பம்பாயில் இந்திய வாத்தியக் கலைஞர்களோடு பேஜும் பாடகர் ராபர்ட் பிளான்ட்டும் செய்த இரண்டு பதிவுகள் உட்பட. எட்டுப் பாடல், முப்பத்து மூன்று நிமிடம் என்று மெலிந்திருந்த ஆல்பத்துக்குச் சதை பிடித்தது. கடைசி ஆல்பத்துக்கோ சொந்தப் பிள்ளைகளே இல்லாமல் போனது.

கிரேட்ஃபுல் டெட் இன்னொரு திசை. அவர்களின் கடைசி ஸ்டுடியோ ஆல்பம் 1989ல் வந்தது. அடுத்து ஒன்றுக்காக எழுதிய பாடல்கள் மேடையில் பழகிவந்தன. ஸ்டுடியோப் பதிவு முடிவதற்குள் 1995ல் குழுவின் கிதார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறந்தார். 2019ல் அந்தப் பாடல்களின் மேடைப் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து 'ரெடி ஆர் நாட்' என்று தனி ஆல்பமாக்கினார்கள். பாதியில் நின்ற ஸ்டுடியோத் துண்டுகளை இட்டுநிரப்பி முடிப்பதைவிட இது கண்ணியமான வழி என்பது என் எண்ணம். இறந்தவரின் குரலுக்குக் கீழே இன்று புதிதாக வாசித்துச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், யார், எந்த ஆண்டில், எதைச் சேர்த்தார்கள் என்று உறையில் அச்சிட்டுவிட வேண்டும்.

கடிகாரமும் கையெழுத்தும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ல் வந்த சட்டமாற்றம், ஒலிப்பதிவுகளின் காப்புரிமையை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக்கியது. ஆனால் பதிவான 50 ஆண்டுகளுக்குள் சட்டப்படி வெளியிடப்பட்டவற்றுக்குத்தான் இந்த நீட்டிப்பு. பாப் டிலனின் நிறுவனம் 2012 இறுதியில் ஏறத்தாழ நூறு பிரதிகள் மட்டும் கொண்ட ஒரு தொகுப்பை ஓசையில்லாமல் கடைக்கு அனுப்பியதும், பீட்டில்ஸ் 2013 டிசம்பரில் 59 பழைய பதிவுகளைத் திடீரென ஐட்யூன்ஸில் ஏற்றியதும் இந்தக் கடிகாரத்துக்குப் பயந்துதான். 1976ல் பதிவாகி வெளிவராத பாடலுக்கு 2026 இறுதிதான் கெடு. எனவே 1970களின் குழு என்றால் தாமதத்துக்கு விலை உண்டு. 1990களின் குழு என்றால், பதிவுகளைப் படித்தெடுத்துக் காப்பாற்றுவதைத் தவிர, சட்டத்துக்காக அவசரப்பட எதுவும் இல்லை.

கடிகாரத்தைவிடக் கடினம் கையெழுத்து. வெளிவராத ஜாம், அதாவது முன்தயாரிப்பின்றிச் சேர்ந்து வாசித்த பதிவு, ஒன்றை இயற்றியவர் யார் என்று அன்று யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள். வெளியிடும்போதுதான் அது பணமாகிறது, உடனே நான்கு பேர் வருவார்கள், அவர்களில் இருவர் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாதவர்களாக இருப்பார்கள்.

இத்தனையையும் எடைபோட்டால் என் தேர்வு இரண்டு டிஸ்க். முதலாவதில் அசல் ஆல்பம், அசல் வரிசையில், அடக்கமான ரீமாஸ்டரோடு. அதற்குமேல் ஒரு விநாடிகூட வேண்டாம். இரண்டாவதில் வெளிவராதவை: முழுப் பாடல்கள் முதலில், பிறகு ஆல்பப் பாடல்களின் வேறு முகத்தைக் காட்டும் டெமோக்கள் நான்கைந்து, ஒரே பாடல் இரண்டு முறை வராதபடி. ஒலிக்கலவைதான் ஆல்பத்தைக் கெடுத்தது என்று குழுவினரே சொன்னால் மட்டும் மூன்றாவதாக ரீமிக்ஸ். ஸ்ட்ரீமிங்கில் இவற்றைத் தனித்தனி ஆல்பங்களாக ஏற்ற வேண்டும். எல்பி இசைத்தட்டு போடுவதாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் நெருக்காமல், அறுபது நிமிட ஆல்பத்தை இரண்டு தட்டுகளாகவே பிரித்துவிடலாம். உறைக்குள் ஒரு நீண்ட கட்டுரை கட்டாயம். அந்தக் கடைசி மாதங்களில் என்ன நடந்தது என்பதை அங்கே இருந்தவர்கள் தங்கள் வாயால் சொல்வது, கூடுதலான மூன்று டெமோக்களைவிடப் பெறுமதியானது.

இரண்டாவது டிஸ்குக்கு எல்லோருடைய சம்மதமும் கிடைக்க ஓராண்டு ஆகலாம், கிடைக்காமலும் போகலாம். அதற்காக முதலாவதை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. அதன் உரிமைகள் அன்றே எழுதி முடிந்தவை. ஆல்பத்தை முதலில் கடைக்கு அனுப்பிவிடலாம், மற்றது தீர்ந்ததும் தனியாக வரட்டும்.